ஒன்று புள்ளி இரண்டும் கொஞ்சம் கொசுறும்

ஓடும் காரில் என் கணவரை நான் அடித்தேன் என்று ஆரணியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யல்ல. ஆனால் அந்தப் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தபோது ஓர் அடி மூன்றாகவும், என் கை ஒரு குடையாகவும் மாறியிருந்தது. நான் கிளை நூலகத்தில் வேலை செய்பவள். நாளிதழ் படிக்க வருகிறவர்கள்கூட என்னைக் கண்டால் தும்மலை அடக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் குடையைத் தூக்கினாள் என்பதில் ஊருக்கு இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி பதிவேட்டில் ஏற்றுவது என் தொழில் பழக்கம். ஆகையால் எழுதுகிறேன்.

என் கணவர் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் இஞ்சின் சோதனைப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கம்பெனி பேருந்தில் ஏறியதும் தூங்கி, இறங்கியதும் சாப்பிட்டு, மறுபடி தூங்கிய ஆண்டுகள் அவை. நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் தொகுத்தால் ஒரு மெல்லிய துண்டுப் பிரசுரம்தான் தேறும். சென்ற ஆண்டு அவர் வேலையை விட்டார். புறவழிச்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் இடத்தை எடுத்து, டர்போ வைத்த கார்களின் இஞ்சினை ட்யூன் செய்து தருவதாகப் பலகை மாட்டினார். தொழிற்சாலை மேலாளர் நல்ல மனிதர். தை பிறக்கும்வரை இவருடைய இடத்தை யாருக்கும் தருவதில்லை என்று சொல்லியிருந்தார். அந்தத் தவணை எங்கள் வீட்டுக்குள் ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது.

தவணையோடு நிற்காமல் என் கணவர் தாமாகவே ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த என்னிடம் வந்து சொன்னார்:

"என் கையில ஒரே ஒரு இஞ்சின் போச்சுன்னா போதும். அப்பறம் இந்த ஊர்ல ஒருத்தன் சாவி குடுக்க மாட்டான். தை வரிக்கும் காத்துகினு இருக்க மாட்டேன். மறுநாளே பஸ் ஏறிடறேன்."

நான் சரி என்றேன். உண்மையில் எனக்குச் சரியில்லை. கொட்டகை திறந்த பிறகு அவர் இரவு உணவின்போது பேசத் தொடங்கியிருந்தார். பேச்சு முழுக்க இஞ்சின்தான் என்றாலும் அது பேச்சு. அதை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒருவருடைய துணிச்சலில் இன்னொருவர் தம் ஆசையையும் ஏற்றிவைத்தால் பாரம் கூடிவிடும் என்பதால் மாவைப் பிசைந்தேன்.

அந்தப் பேச்சின் வழியாக நான் கற்றுக்கொண்டது இது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு விசிறி. எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்பதற்குப் பெயர் பூஸ்ட். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் கலவை. சாவதானமாகப் போகும்போது பதினான்கு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து டர்போ முழு மூச்சில் தள்ளும்போது பன்னிரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த மிகுதிப் பெட்ரோல் எரிவதற்காக அல்ல, உள்ளே குளிர்ச்சி தருவதற்காக. எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று பொருள். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிஸ்டன் உருகும். ஆகவே எந்தக் காரைத் தொடுவதற்கு முன்பும் அவர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிச் சுவரில் ஒட்டுவார். கலவை இலக்கு ஒன்று, பூஸ்ட் எல்லை ஒன்று. அந்த எல்லையை மீறினால் இஞ்சினே தன்னைத் தடுத்துக்கொள்ளும்படி, அதற்குச் சற்று மேலே ஒரு காவலையும் காரின் கணினியில் போட்டுவைப்பார்.

முதல் சில மாதங்கள் ஒட்டுவதற்கு எண் இல்லை. வந்தவர்கள் வைப்பர் மாற்றவும், பின்னால் போகும்போது பாட்டுப் பாடும் கருவி பொருத்தவும் வந்தார்கள். பிறகு முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பட்டு முதலாளி வந்தார். பல வீடுகளுக்கு நூலும் பாவும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை டர்போ கார். அவருடைய சகலை கலசப்பாக்கத்துக்காரர்; அதே கார் வைத்திருப்பவர். ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில் அந்தச் சகலை இவரை முந்தியது மட்டுமல்லாமல், முந்தும்போது கையையும் ஆட்டியிருக்கிறார். முந்தியதை மன்னிக்கலாம், கையை ஆட்டியதை மன்னிக்க முடியாது என்பது முதலாளியின் நிலைப்பாடு.

என் கணவர் ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு எண்களைச் சொன்னார். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்ததால் அந்தப் பேச்சு என் முன்னாலேயே நடந்தது.

"பூஸ்ட் இப்ப பாயிண்ட் ஒன்பது இருக்குதுங்க. ஒன் பாயிண்ட் டூ வரிக்கும் ஏத்தலாம். அதான் லிமிட்டு."

முதலாளி புன்னகைத்தார். நாற்காலியை இழுத்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"ஒன்னரை பண்ணிக்கலாம் சார்."

"இல்லீங்க. ஒன் பாயிண்ட் டூ தான்."

"நானும் வியாபாரிதான் சார். நீங்க ஒன்னு சொல்றீங்க, நான் ஒன்னு சொல்றேன். நடுவுல ஒன் பாயிண்ட் மூணு அஞ்சு. முடிச்சுக்கலாம்."

"இது வெல இல்லீங்க. இஞ்சின் தாங்கற அளவு."

"நான் மட்டும் இன்னா சொல்வேன்? இதுக்குக் கீழ கட்டுப்படி ஆகாதுன்னுதான் சொல்வேன். அப்பறம் குடுக்கறது இல்லயா?" என்றவர், சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "அது இன்னா பதினொன்னு புள்ளி எட்டு?"

"கலவைங்க. ஃபுல்லா மிதிக்கறப்ப பெட்ரோல் நிறைய போவணும்."

"நம்பர ஏத்துனா?"

"பெட்ரோல் கொறையும்."

"அப்ப பதிமூணு போடுங்க! வண்டியும் பறக்கும், பெட்ரோலும் மிச்சம். சகலை வயிறு எரியட்டும்."

"அவர் வயிறு எரியாதுங்க. உங்க பிஸ்டன் எரியும்."

யோசித்து நல்ல எண்ணாகச் சொல்லுங்கள் என்று பெருந்தன்மையோடு விடைபெற்றார் முதலாளி. என் கணவர் சோற்றைத் தொடவில்லை. பதினேழு ஆண்டுகள் எண்களோடு வாழ்ந்தவர். தொழிற்சாலையில் ஓர் எண்ணைச் சொன்னால் அதை எழுதிக்கொள்வார்கள், யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

"தப்பு உங்க மேலதாங்க," என்றேன். "கடைசியா சொல்ல வேண்டிய நம்பர முதல்லயே சொல்லிட்டீங்க. இந்த ஊர்ல முதல்ல சொல்ற நம்பர யாராவது நம்புவாங்களா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்ல. கொஞ்சம் இடம் விட்டுச் சொல்லுங்கன்றேன்."

அவர் முகம் மருந்து குடித்ததுபோல் ஆயிற்று. ஆனால் அடுத்த முறை முதலாளி வந்தபோது, சுவரைப் பார்த்தபடி, "ஒன்னு. அதுக்கு மேல கெடயாது. கலவை பதினொன்னு," என்று சொல்லிவிட்டார். முதலாளியின் கண்கள் ஒளிபெற்றன. இப்போதுதான் ஒரு மனிதரோடு பேசுகிறோம் என்ற நிம்மதி அவருக்கு. இரண்டு டீ செலவாகும் நேரத்துக்குப் பேசி, ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, பூஸ்டை ஒன்று புள்ளி இரண்டுக்கும் கலவையைப் பதினொன்று புள்ளி எட்டுக்கும் ஏற்றிவிட்டார். இருவரும் கைகுலுக்கினார்கள். நான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, என் அறிவை நானே மெச்சியபடி நூலகம் திரும்பினேன். கொட்டகையிலேயே இன்னும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். நான் போன பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முதலாளி கேட்டிருக்கிறார்:

"சரி சார், கொசுறு?"

பேரம் முடிந்த பிறகு கொசுறு கேட்காமல் போவது கடைக்காரரை அவமதிப்பது என்று நினைக்கிற ஊர் இது. தக்காளியோடு கறிவேப்பிலை வருகிறது, அதுபோல. என் கணவருக்கு ஒரு பேரத்துக்கு மட்டும்தான் நான் பயிற்சி கொடுத்திருந்தேன். வாய் தவறி, "சரி, பாயிண்ட் ஒன்னு," என்று சொல்லிவிட்டார்.

இனி என் பங்கு. ட்யூன் செய்யும்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே அந்த இன்னொருவர் நான். பொறுமையாகப் படிப்பவள் என்பது என் தகுதி. முதல் வெள்ளிக்கிழமை மூன்றாவது கியரில் அவர் காலை அழுத்த, நான் என் வழக்கமான குரலில், "பதினொன்று புள்ளி ஒன்பது," என்றேன்.

"இன்னா?"

"பதினொன்று புள்ளி ஒன்பது என்றேன்."

"கேக்கல! சத்தமா!"

நான் சத்தமாகச் சொன்னேன். என் சத்தம் மற்றவர்களுடைய முணுமுணுப்பு என்பதை அன்றுதான் அறிந்தேன். மேலும், நான் 'பதினொன்று' என்று தொடங்கி 'ஒன்பது' என்று முடிப்பதற்குள் அந்த எண் வேறொன்றாகியிருந்தது. வண்டியை ஓரம் கட்டினார்.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள இஞ்சினுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிடும். ஒன்னு பண்ணு. பன்னெண்டுக்குக் கீழ இருந்தா பேசாத. தாண்டிச்சுன்னா என் தோள்ல அடி."

"உங்களையா?"

"வேற யார அடிப்ப?"

ஒத்திகை பார்த்தோம். நான் தட்டியது ஈ உட்கார்ந்ததுபோல் இருந்ததாகச் சொன்னார். இரண்டாம் முறை, தூசு தட்டுவதுபோல் இருந்ததாம். அதற்கு மேல் ஒத்திகையில் எனக்குக் கை வரவில்லை. தேவையும் வரவில்லை, இரண்டு வெள்ளிக்கிழமைகளில் பூஸ்டை ஒன்று புள்ளி இரண்டுவரை படிப்படியாக ஏற்றியும் கலவை பதினொன்று புள்ளி எட்டிலேயே நல்ல பிள்ளையாக நின்றது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குக் கிளம்பும்போதுதான் அவர் கொசுறைப் பற்றிச் சொன்னார். காவல் எல்லையையும் அதற்கேற்ப மேலே தள்ளியிருந்தார்.

"பாயிண்ட் ஒன்னுதான். காலங்காத்தால குளிர்ச்சில தாங்கிடும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொசுறு சரியாக வந்து சேருகிறதா என்று பார்க்க முதலாளியும் வருவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு வர வேண்டியவர் பத்து மணிக்கு வந்தார். வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் பன்னிரண்டுக்குப் பிறகு எடுக்கலாம் என்றார். குளிர்ச்சியை நம்பிக் கொடுத்த கொசுறு உச்சி வெயிலுக்கு வந்து சேர்ந்தது. என் கணவர் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று இழுத்தார்.

"இன்னா சார், குடுத்துட்டுப் பின்வாங்கறீங்க? சகலைகிட்ட இன்னிக்கு வீடியோ அனுப்பறேன்னு சொல்லிகினு இருக்கேன். பேஜாராப் போயிடும்."

புறவழிச்சாலையைத் தாண்டி, இருபுறமும் நெல் வயல்கள் இருந்த ஒரு நேரான சாலை. முதலாளி பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் இடையே செல்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மடிக்கணினியில் இரண்டு எண்களை மட்டும் பார்த்தேன்.

காலை அழுத்தினார். பூஸ்ட் ஒன்று. ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி இரண்டு. கலவை பதினொன்று புள்ளி எட்டு. பின்னால் முதலாளி, "ஆங், ஆங்," என்று ஒவ்வொரு எண்ணையும் வாங்கிப் பையில் போடுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்று புள்ளி மூன்று. கலவை பதினொன்று புள்ளி ஒன்பது. இலக்கு என்று தாளில் எழுதிவைப்பது ஒன்று. அவ்வளவு பெட்ரோலைத் தரும் வலு அதை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு இருப்பது வேறொன்று. பன்னிரண்டு புள்ளி ஒன்று. பன்னிரண்டு புள்ளி நான்கு. வெயில் வேறு, ஏறிய கலவையை மன்னிக்க அந்தக் காற்றில் குளிர்ச்சியும் இல்லை.

அடித்தேன்.

ஒத்திகையில் வராத கை அப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முழு உள்ளங்கை. பட்டுச் சேலைக் கட்டைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். அவர் "ஆ!" என்றார், கால் தானாக மேலே வந்தது. திரையில் கடைசியாக நான் பார்த்தது பன்னிரண்டு புள்ளி ஒன்பது. வண்டி தளர்ந்து, ஓரமாக நின்றது. பிறகு பின்னிருக்கையிலிருந்து மிகுந்த மரியாதையோடு ஒரு குரல் வந்தது:

"ஊட்டுப் பிரச்சினைன்னா நான் எறங்கி நிக்கறேன் மேடம்."

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு என் கணவர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். பிஸ்டன் உருகத் தொடங்கியிருந்தால் பிளக்கின் முனையில் மிகச் சிறிய உலோகத் துளிகள் ஒட்டிக்கொண்டு மின்னும், அதுதான் அடையாளம். அவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் செய்யாறு பேருந்துதான் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அவர் ஒரு பிளக்கை எடுத்து விரல்களால் உருட்டிப் பார்த்து, "இதுக்குள்ளயா நெருப்பு வருது?" என்று வியந்து, மற்றவற்றோடு துணியின் மேல் வைத்தார்.

முதல் பிளக் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதும். நான்காவதை வெயிலில் திருப்பியபோது முனையில் ஏதோ பளிச்சிட்டது.

அவர் பிளக்கைத் துணியின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். அந்த முதுகை நான் கம்பெனி பேருந்தின் சன்னலில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

என் கைப்பையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் இருக்கும். பழைய புத்தகங்களின் அடிக்குறிப்புகளுக்காக. எடுத்துப் பார்த்தேன். உருகிய உலோகம் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்? இது நீளமாக இருந்தது. நீளமாக மட்டுமல்ல, முறுக்கிக்கொண்டும் இருந்தது. உள்ளே ஒரு நூல், அதைச் சுற்றி மெல்லிய தகடு. புகைக்கரி அதன் அடியில் இருந்ததே தவிர மேலே படியவில்லை. கண்ணாடியை முதலாளியின் கைப்பக்கம் திருப்பினேன். நகக்கண்களில், விரல் மடிப்புகளில், அதே பளபளப்பு.

"காலைல இன்னா வேல பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"சரிகை பிரிச்சுக் குடுத்துட்டு வந்தேன் மேடம். அதான் லேட்டு."

நான் என் கணவரிடம் போய், "எந்திரிங்க. அது சரிகை," என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். என் கொண்டை ஊசியால் அதை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு நெடுஞ்சாலைத் துறையின் கல் என்றும் பாராமல் மறுபடி அதன்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காததால் நான் தண்ணீர் கொடுத்தேன்.

முதலாளிக்கு எல்லாவற்றையும் விளக்கினோம். இலக்கு, எல்லை, உருகுதல், அடி. கவனமாகக் கேட்டார். கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்.

"அப்ப மேடம் பாத்துதான் நிறுத்துனாங்க?"

"ஆமாங்க," என்றார் என் கணவர்.

"அத மொதல்லயே சொல்றதில்லயா சார்! எங்க ஊட்லயும் அப்டித்தான். யாவாரிகிட்ட நான் எவ்ளோ வேணா பேசுவேன். உள்ளேருந்து ஊட்டுக்காரம்மா ஒன்னு சொல்லிட்டா, அதோட முடிஞ்சுது. யாரும் வாயத் தொறக்க மாட்டான்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். எவ்ளோ?"

"ஒன்று புள்ளி இரண்டு," என்றேன். "கலவை பதினொன்று புள்ளி எட்டு."

"அவ்ளோதான். போடுங்க சார்."

கொசுறு கேட்கவில்லை. இதே எண்ணைத்தான் தாம் முதல் நாளே சொன்னதாக என் கணவர் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

வீடியோ அன்றே கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அதில் வேகம் தெரியவில்லை. கை ஆடியதால் வண்டியின் கூரையும் வானமும் மாறி மாறி வந்தன. ஒலி மட்டும் தெளிவாக இருந்தது. ஓர் அறை, ஓர் அலறல், அதன் பிறகு "ஊட்டுப் பிரச்சினைன்னா..." என்னும் வாசகம். குடை எப்படி வந்தது என்பதை இப்போது நீங்களே ஊகிக்கலாம். அடுத்த வாரம் நூலகத்தில் ஒரு பெரியவர் தாமதக் கட்டணத்தை நான் கேட்காமலேயே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சகலை பத்து நாளில் கொட்டகைக்கு வந்தார். முள்ளிப்பட்டாருக்கு எவ்வளவோ அதற்கு மேல் ஒரு புள்ளி வேண்டும் என்றார். என் கணவர் தாளை ஒட்டிவிட்டு, கற்றுக்கொண்ட நிதானத்தோடு பதில் சொன்னார்:

"நான் போட்டுடுவேங்க. ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க."

சகலை மறுபேச்சுப் பேசவில்லையாம். இன்று இரண்டு கார்களும் ஒரே எண்ணில் ஓடுகின்றன. யாரும் யாரையும் முந்த முடியாமல் காதுகுத்துகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் போய்ச் சேருகிறார்கள். போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் வண்டிகள் வந்தன. வந்தவர்கள், "அம்மா எங்க வண்டியிலயும் ஒக்காருவாங்களா?" என்று கேட்டார்கள். பதினேழு ஆண்டு அனுபவம் ஒரு நூலகரின் உள்ளங்கைக்குப் பின்னால் நிற்பதில் என் கணவருக்கு வருத்தம் உண்டு. வெள்ளிக்கிழமைகளை மட்டும் என்னைக் கேட்காமலேயே நிரப்பிவிடுகிறார்.

தை பிறந்து மூன்றாம் நாள் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய இடம், கூடுதல் பொறுப்பு, இரவு ஷிஃப்ட் கிடையாது, இன்னும் ஒரு வாரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்று அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது எனக்குக் கேட்டது. என் கணவர் பணிவாக எல்லாவற்றுக்கும் "ஆமாங்க சார்" சொன்னார். பிறகு, என்னைப் பார்க்காமல்,

"எனக்குச் சரிதான் சார். ஆனா ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க," என்றார்.

மறுமுனை உடனே ஓய்ந்துவிட்டது. வீடியோ செய்யாறுவரை போயிருக்க வேண்டும். அவர் போனை வைத்துவிட்டு, என் முன்னால் கிடந்த கீரைக்கட்டில் பாதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உன்னக் கேக்காம சொல்லிட்டேன். ஒத்துக்க மாட்டதானே?"

"மாட்டேன்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது.